பதினொன்றாவது கேள்விக்கு லாடி சொன்ன பதில்

என் தம்பி இறந்த மூன்றாம் நாள் எங்கள் ஊர் மெர்டனின் பத்திரிகையில் நான்கு வரி போட்டார்கள். லாடிஸ்லாவ் ஹவ்லிக், வயது 58, பிராண்ட்லி பேஸ்பால் மைதானத்தை முப்பத்து மூன்று வருடம் பராமரித்தவர், 1963-இல் நம் அணி கோப்பை வென்றதில் பங்கு கொண்டவர், அக்கா ஒட்டிலியை விட்டுச் சென்றிருக்கிறார். அவ்வளவுதான்.

முப்பத்து மூன்று இல்லை. முப்பத்து நான்கு. 1957 ஏப்ரல் எட்டாம் தேதி வேலையில் சேர்ந்தான், 1991 ஏப்ரல் கடைசி நாள் சாவியைக் கொடுத்தான். பத்திரிகைக்குப் போன் செய்து சொன்னேன். திருத்தம் போடுவதாகச் சொன்னார்கள், போடவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாற்பத்தொரு வருடம் சலவை நிலையத்தில் வேலை பார்த்தேன். எழுதுவது என் தொழில் இல்லை. ஆனால் அந்த நான்கு வரியில் விட்டுப்போனது அவன் வாழ்க்கையிலேயே பெரிய விஷயம். அதனால் எழுதுகிறேன்.

விட்டுப்போனது ஒரு கேள்வி. 1990 இலையுதிர் காலத்தில் நகர அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. நம் அணியை நடத்தி வந்த பெரிய கிளப், அடுத்த ஏப்ரலுக்குள் புது உடை மாற்றும் அறைகளும் புது விளக்குகளும் கட்டாவிட்டால் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவதாகச் சொல்லியிருந்தது. கட்ட மாநில உதவி கிடைக்க இருந்தது. அதற்கு முன்னால் நிலத்தைப் பற்றிப் பதினான்கு கேள்விகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பதினொன்றாவது: இந்த நிலத்தில் எப்போதாவது எரிபொருளோ ரசாயனமோ கொட்டப்பட்டதா, கசிந்ததா, விவரம் அறிந்தவர் பதில் எழுதிக் கையெழுத்திடவும். 'இல்லை' என்றால் மறுவாரமே வேலை தொடங்கும். 'ஆம்' என்றால் மண் பரிசோதனை, ஒரு வருடமோ இரண்டு வருடமோ. கிளப் ஒரு மாதம்கூடக் காத்திருக்காது. மைதானம் இருப்பதும் போவதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது. விவரம் அறிந்தவர் என்று ஊரில் இருந்தது ஒரே ஒருவன், என் தம்பி.

அவன் வேலையை எப்படிச் செய்தான் என்று சொல்லாவிட்டால் மற்றது புரியாது. என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, லீக்கில் எட்டு ஊர் மைதானங்கள் இருந்தன, வெளியூர் ஆட்டக்காரர்களே எங்கள் மண்தான் சமமானது என்று சொல்வார்கள். ஆட்டக்காரர்கள் ஓடித் தொடும் நான்கு பேஸ்களுக்கு நடுவே இருக்கும் செம்மண்ணில் பந்து துள்ளினால் ஒரு பக்கமும் தெறிக்காது. காலையில் அவன் மண்டியிட்டுக் கன்னத்தைத் தரையில் வைத்து ஒரு கண்ணால் பார்ப்பான். எங்காவது கால் அங்குலம் மேடாகத் தெரிந்தால் இரும்பு வாரியை எடுத்துக்கொண்டு போவான். சுண்ணாம்புக் கோடு போட நூல் கட்டுவான். கோடு போட்ட பிறகு நூலை அவிழ்க்காமல் மறுபடி ஒருமுறை பார்ப்பான்.

மைதானம் 1937-இல் கட்டப்பட்டது, வேலையில்லாத ஆட்களுக்கு அரசாங்கம் வேலை கொடுத்த காலத்தில். அப்பாவும் அதில் சிமென்ட் குழைத்தார். பேஸ்பால் மட்டும் நடந்தால் புல்லுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. எங்கள் ஊர் சின்னது, கூட்டம் கூட வேறு இடம் கிடையாது. ஜூன் முதல் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடப் பட்டமளிப்பு: முந்நூறு நாற்காலி, முந்நூறு பெண்களின் கூரான குதிகால் செருப்பு. ஈஸ்டர் அன்று லூத்தரன் சபையார் விடியற்காலை ஜெபத்துக்கு வருவார்கள், பனி ஈரத்தில் மண் குழையும். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கைச் சாம்பல். 1959-இல் சர்க்கஸ்காரர்கள் மூன்று யானைகளை நடுக்களத்தில் நிறுத்திவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு கால்தடத்திலும் ஒரு வாளி மண் போயிற்று என்று லாடி எண்ணி வைத்திருந்தான். 1962-இல் ஊரே வரிசையில் நின்று போலியோ மருந்து விட்ட சர்க்கரைக்கட்டியை வாங்கித் தின்றது அங்கேதான். 1965 ஏப்ரலில் மிசிசிப்பி ஆறு பெருகியபோது வெளிக்களத்தில் மணல் மூட்டை கட்டினார்கள், பார்வையாளர்கள் உட்காரும் படிக்கட்டுகளுக்கு அடியில் நாற்பது குடும்பங்கள் பதினோரு நாள் படுத்தன. பழைய கார்களை மோதி உடைக்கும் போட்டி ஒன்றுக்கு மட்டும் லாடி முடியாது என்றான். நகர மன்றம் முடியும் என்றது. மறுநாள் அவன் புல்லில் கண்ணாடித் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "லாடி, உனக்குக் கல்யாணம் ஆகாம இருக்கறதுக்கு இந்தப் புல்லுதான்டா காரணம்," என்று தபால்காரர் சொன்னார். லாடி கோபித்துக்கொள்ளவில்லை. அது உண்மைதான்.

மழைதான் அவனுடைய எதிரி. எங்கள் அணிக்கு நாரைகள் என்று பெயர், ஆற்றங்கரை ஊர் என்பதால். நாரைகளுக்கு ஈரம் பிடிக்கும், ஆட்டத்துக்குப் பிடிக்காது. அந்தக் காலத்தில் உள்களம் முழுவதும் மூடும் தார்ப்பாய் எங்களிடம் இல்லை. செம்மண் நனைந்துவிட்டால் உலர்த்த எல்லா ஊரிலும் ஒரே வழி. மண்ணை வாரியால் கிளறிவிட்டுப் பெட்ரோலை ஊற்றித் தீ வைப்பார்கள். முழங்கால் உயரத்துக்கு நீல நெருப்பு ஓடும், கரும்புகை எழும், பத்து நிமிடத்தில் மேல்மண் காய்ந்துவிடும். மறுபடி கிளறி ஆட வேண்டியதுதான். படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டுவார்கள். பத்திரிகையில்கூடப் படம் வந்திருக்கிறது. அதில் தப்பு இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. எவ்வளவு மண் போட்டாலும் இறங்கும். 1961-இல் லாடி அங்கே தானே ஒரு வடிகால் தோண்டினான். களிமண் குழாயைப் புதைத்து, இடப்பக்கச் சுவர்வரை கொண்டுபோய், சுவருக்கு அடியில் ஒரு குழி வெட்டிச் சரளைக்கல் நிரப்பினான். மேலே ஒரு இரும்பு மூடி. மூடியைத் திறந்தால் தண்ணீர் கடகடவென்று இறங்கிவிடும். நகரப் பொறியாளர்கூட வந்து பார்த்துவிட்டுக் கை குலுக்கினார். அதற்கு வரைபடம் கிடையாது. லாடியின் தலையில்தான் இருந்தது.

1963 செப்டம்பரில் நாரைகள் கடைசிச் சுற்றுக்குப் போனார்கள். மூன்று ஆட்டத்தில் ஆளுக்கு ஒன்று ஜெயித்தாயிற்று. மூன்றாவது ஆட்டம் ஞாயிறு எட்டாம் தேதிக்குள் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் அந்த வருடம் அதிகம் ஜெயித்திருந்த எதிரணிக்குக் கோப்பை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் மழை. ஞாயிறு காலை லாடி தீ வைத்து மண்ணை உலர்த்தினான். தேவாலயத்திலிருந்து திரும்பியவர்கள் வேலியோரம் நின்று கைதட்டினார்கள். இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தோம். அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் கோப்பை வாங்கியதில்லை. பந்து எறிந்தவனோடு சேர்த்து என் தம்பியையும் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அவன் ஒரு கையால் தொப்பியையும் மறுகையால் ஒருவனுடைய தலைமுடியையும் பிடித்துக்கொண்டிருந்தான். நான் படிக்கட்டில் நின்று அழுதேன். நாரைகளின் உடுப்புகளைத் துவைப்பது எங்கள் சலவை நிலையம்தான். அன்று வந்த உடுப்புகளின் செம்மண் கறையை நான் ஒருத்தியே துவைத்தேன், வேறு யாரையும் தொட விடவில்லை.

சனிக்கிழமை மாலை என்ன நடந்தது என்று எனக்கு இருபத்தேழு வருடம் தெரியாது.

எங்கள் வீடு மைதானத்தின் இடப்பக்கச் சுவருக்குப் பின்னால், ஆற்றங்கரைச் சந்தில் இருக்கிறது. சந்தில் ஆறு வீடு. நகரக் குடிநீர்க் குழாய் எங்கள்வரை வரவில்லை, எல்லா வீட்டிலும் கிணறும் பம்ப்பும்தான். அம்மா 1971-இல் போன பிறகு நான் தனியாக இருந்தேன். லாடி ஊருக்குள் இரும்புக்கடை மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவான், முட்டைக்கோஸும் பன்றி இறைச்சியும் அவனுக்கு உயிர்.

வெள்ளம் வடிந்து இரண்டு வருடம் கழித்து, கனத்த மழைக்குப் பிறகெல்லாம் எங்கள் பம்ப்பு வாளித் தண்ணீரின் மேல் மெல்லிய நிறப்படலம் ஒன்று மிதக்க ஆரம்பித்தது. பம்ப்புக்கு எண்ணெய் அதிகம் விட்டுவிட்டோம் என்று நான் நினைத்தேன். பக்கத்து வீட்டு ஆல்வினா பிரெண்ட்டும் அப்படித்தான் நினைத்தாள். அவள் கணவன் எமில் பம்ப்பைக் கழற்றித் துடைத்துக்கூடப் பார்த்தான். லாடியிடம் ஒரு ஞாயிறு அதைக் காட்டினேன். வாளியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாரத்திலிருந்து மைதானத்துக் குழாயில் நகரத் தண்ணீரை இரண்டு கேன்களில் பிடித்து ஒருநாள் விட்டு ஒருநாள் எனக்குக் கொண்டுவந்தான். காபிக்கு இதுதான் நன்றாக இருக்கும் என்றான். பனிக்காலத்தில் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்து வருவான். இருபத்து மூன்று வருடம். இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும் என்று நான் சலவை நிலையத்தில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆல்வினா நாள் தவறாமல் பத்து மணிக்கு வந்து என் காபியைக் குடித்துவிட்டு, அவள் வீட்டுக் காபி ஏன் இப்படி வருவதில்லை என்று கேட்பாள். நான் கொட்டை வறுக்கும் பக்குவம் என்பேன்.

எமில் 1979-இல் ரத்தத்தில் வந்த நோயால் போனான். எதனால் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை, எனக்குத் தெரியாது.

1990 அக்டோபரில் படிவம் லாடியிடம் வந்தபோது அணியின் மேலாளர் டுவேன் க்ரோகன் அவனைச் சாப்பிட அழைத்துப் போனார். பெட்ரோல் வைத்து எரித்ததை ஊரே பார்த்திருக்கிறது, அதை என்ன செய்வது என்றுதான் அவருக்குக் கவலை. பேச்சை லாடி அப்படியே வந்து சொன்னான்.

"எரிஞ்சதெல்லாம் புகையா வானத்துக்குப் போயிடுச்சு, லாடி. அதுக்குக் கேள்வி கேக்கணும்னா மேல இருக்கறவருதான் கேக்கணும். கேள்வி நிலத்தைப் பத்தித்தானே? இல்லைன்னு போடு."

இவன் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். க்ரோகன் மறுபடி, "உன் ஞாபகசக்தி ஊருக்கே தெரியும். எந்த வருஷம் எத்தனை மூட்டை விதை போட்டேன்னு சொல்லுவே. இந்த ஒரு தடவை என்னை மாதிரி மறதிக்காரனா இருந்துடேன்," என்று சொல்லிச் சிரித்தாராம். கெட்ட மனிதர் இல்லை அவர். அவருக்கும் வேலை போகும், மைதானத்தில் சோள ரொட்டிக் கடை வைத்திருந்த பெண்களுக்கும் போகும்.

அந்த ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் லாடி படிவத்தை என் சமையலறை மேஜையில் விரித்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும், பள்ளிக்கூடத்தில் அதற்கு மட்டும் எனக்குப் பரிசு கொடுத்தார்கள். முதல் பத்து கேள்விக்கும் அவன் சொல்ல நான் எழுதினேன். பதினொன்றில் நிறுத்தினான்.

"ஆமான்னு எழுது, டில்லி," என்றான். ஒட்டிலி என்ற என் பெயரை அவன் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவான்.

க்ரோகன் சொன்னதையே நானும் சொன்னேன். எரித்ததெல்லாம் எரிந்துபோயிற்று, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"எரியாததும் இருக்கு."

பிறகு சொன்னான், சுவரைப் பார்த்துக்கொண்டு. அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு மழை விட்டிருக்கிறது. மற்ற ஆட்கள் நம்பிக்கை இழந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவன் தனியாக இரண்டு பீப்பாய் பெட்ரோலை மண்ணில் கொட்டியிருக்கிறான், நூற்றுப் பத்து கேலன். தீக்குச்சியை எடுக்கும்போது மறுபடி கொட்டியது மழை. மண்ணில் தண்ணீர் ஏறி, அதன்மேல் பெட்ரோல் மிதந்து மரப் படிக்கட்டுப் பக்கம் போக ஆரம்பித்தது. தீ வைத்தால் படிக்கட்டு போய்விடும். வைக்காவிட்டால் காலையில் யாராவது சிகரெட்டை எறிந்தால் போதும். அதனால் வடிகால் மூடியைத் தூக்கினான். கால் மணி நேரத்தில் எல்லாம் இறங்கிவிட்டது. காலையில் இன்னொரு பீப்பாய் வாங்கி வந்து எரித்தான். அதைத்தான் ஊர் பார்த்தது.

"அந்தக் குழி நம்ம சுவருக்குக் கீழதானே இருக்கு," என்றேன்.

"ஆமா."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். கதவோரம் இரண்டு கேன்களும் இருந்தன, அன்று காலை அவன் கொண்டுவந்தவை. அதைப் பார்த்தேன், அவனும் பார்த்தான்.

"எப்போலேருந்து தெரியும் உனக்கு?"

"வாளில நிறத்தைப் பார்த்த அன்னிக்கே."

"ஆல்வினாவுக்கு ஏன்டா கொண்டுபோகல?"

"கொண்டுபோனா ஏன்னு கேப்பா, டில்லி. நீ கேக்க மாட்டே."

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். அவனை நான் தடுத்தேன். 'தெரியவில்லை' என்று போடலாம், மைதானம் பிழைக்கட்டும், பிறகு மெதுவாக ஏதாவது காரணம் சொல்லிச் சந்துக்கு நகரக் குழாய் கேட்கலாம் என்றேன். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியது என் கண்ணில் நின்றது. அந்த நாளையும் யாரோ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போவது மாதிரி இருந்தது.

"பிறகு, பிறகுன்னுதான் நானும் இருபத்து மூணு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றான் லாடி. "எழுது."

எழுதினேன். தேதி, மணி, எத்தனை கேலன், குழாயின் நீளம், குழியின் ஆழம். அவன் ஒரு எண்ணுக்கும் யோசிக்கவில்லை. கோடு போட்டிருந்த இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டான்.

அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, நகர மன்றக் கூட்டம். வழக்கமாகப் பத்துப் பேர் வருவார்கள், அன்று நிற்கவும் இடமில்லை. மாநில உதவி வந்தாயிற்று என்ற நினைப்பில் பலர் நாரைகள் அணியின் தொப்பியோடு வந்திருந்தார்கள். எழுத்தர் அம்மாள் படிவத்தை ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். பதினொன்றுக்கு வந்ததும் முதல் வரியைப் படித்துவிட்டு நிறுத்தி, மேயரைப் பார்த்தார். மேயர் படிக்கச் சொன்னார். பின்பக்கம் முழுக்கப் படித்து முடிக்கும்வரை யாரும் இருமவில்லை. க்ரோகன் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்.

இதெல்லாம் சரியா என்று மேயர் லாடியைக் கேட்டார். லாடி எழுந்து சரி என்றான். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். இப்போது மட்டும் ஏன் சொன்னான் என்று இன்னொருவர் கேட்டார், அவர் குரலில்தான் கோபம் அதிகம். லாடி நின்றபடியே இருந்தான்.

மூன்றாவது வரிசையில் ஆல்வினா உட்கார்ந்திருந்தாள். கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. மேயர் பேசச் சொன்னார். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"லாடி, உங்க அக்கா காபி அவ்வளவு நல்லாயிருக்கேன்னு நானும் எமிலும் தினம் பேசிக்குவோம்," என்றாள்.

"ஆமா, ஆல்வினா," என்றான் லாடி.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். வாசலில் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு முன்னமே தெரியுமா என்று கேட்டாள். பதினாறு நாளாகத் தெரியும் என்று நாள் கணக்கோடு சொன்னேன். அந்தப் பதினாறு நாளும் அவள் பத்து மணிக்கு வந்து என் வீட்டில் காபி குடித்திருந்தாள். அதற்குப் பிறகு வரவில்லை.

ஆறு கிணறுகளையும் பரிசோதித்தார்கள். மூன்றில் பெட்ரோல் இருந்தது. ஆல்வினாவுடையதில் அதிகம், அடுத்தது என்னுடையது. டிசம்பருக்குள் சந்துக்கு நகரக் குழாய் வந்துவிட்டது, ஐம்பது வருடம் கேட்டு வராதது எட்டு வாரத்தில் வந்தது. ஜனவரியில் கிளப் நாரைகளை ஆற்றின் கீழ்ப்போக்கில் இருக்கும் வேறொரு ஊருக்குக் கொடுத்துவிட்டது. பெயரையும் மாற்றிவிட்டார்கள்.

ஊர் அவனை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. அதைவிடச் சின்னச் சின்னதாகச் செய்தது. முடிவெட்டப் போனால் கடைக்காரர், தீப்பெட்டியை வெளியே வைத்துவிட்டு வரச்சொல்வார், உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு காலையில் அவன் அறை வாசலில் யாரோ சிவப்புப் பெட்ரோல் கேன் ஒன்றை வைத்து, அதற்கு நாரைகள் தொப்பியை மாட்டியிருந்தார்கள். தொப்பியை என்னிடம் கொண்டுவந்து துவைக்கக் கொடுத்தான், நல்ல தொப்பி என்றான். அந்த வருடம் பள்ளிக்கூடப் பட்டமளிப்பை உள்ளரங்கத்தில் வைத்தார்கள், பிள்ளைக்கு இரண்டு பேருக்குத்தான் இடம். சலவை நிலையத்தில் ஒரு பெண், அவள் மாமியார் வர முடியாமல் போனது உன் தம்பியால் என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். மாமியார் வராததற்கு நீ நன்றி சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைப்பதற்காகக் கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் அவன் வேலையும் முடிந்தது. ஆட்டமில்லாத மைதானத்துக்குப் பராமரிப்பாளர் எதற்கு. ஆனாலும் மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் வேலியில் இருந்த ஓட்டை வழியாகப் போய்ப் புல் வெட்டினான். நகர அலுவலகத்துக்குத் தெரியும், பேசாமல் விட்டுவிட்டார்கள்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி தோண்ட வந்தார்கள். மாநிலத் தலைநகரிலிருந்து ஒரு நிறுவனம், மஞ்சள் இயந்திரம் இரண்டு, மண்ணில் பெட்ரோல் ஆவியை அளக்கும் மீட்டரைக் கையில் வைத்த ஆய்வாளர் ஒருவர். குழாய் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாததால் லாடியை அழைத்தார்கள். முதல் நாளே அவன் என்னிடம் ஆரஞ்சுத் துணியில் நாற்பது சின்னக் கொடி தைத்து வாங்கிக்கொண்டான். மூன்றாவது பேஸிலிருந்து அடி அடியாக எண்ணிக்கொண்டே போய்க் கம்பியில் கொடிகளை நட்டான். கடைசியில் நூல் கட்டிக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தான். இயந்திரக்காரன், தோண்டிப் போடப் போகிற இடத்துக்கு எதற்கு நூல் என்று கேட்டான். வளைந்தால் ஒரு அடி தப்பிவிடும் என்றான் லாடி. நான் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

முப்பத்து நான்கு வருடம் கன்னத்தை வைத்துப் பார்த்த மண்ணில் இயந்திரம் வாயை வைத்தது. லாடி அதன் பக்கத்திலேயே நடந்தான். குழாய் துண்டு துண்டாக வந்தது, அவன் சொன்ன இடத்தில், சொன்ன ஆழத்தில். மதியத்துக்குச் சுவரோரம் வந்துவிட்டார்கள். ஒன்பது அடியில் மஞ்சள் மணல் தெரிந்தது. ஆய்வாளர் மீட்டரை இறக்கிப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். லாடி குழிக்குள் இறங்கி ஒரு பிடி மணலை எடுத்து முகர்ந்தான்.

"இன்னும் ரெண்டு அடி," என்றான்.

"மீட்டர்ல ஒண்ணும் காட்டல, மிஸ்டர் ஹவ்லிக்."

"இன்னும் ரெண்டு அடி போங்க. சுவர்ப் பக்கமா."

சுவர்ப் பக்கம் போனால் சுவர் நிற்காது என்று ஆய்வாளர் சொன்னார். சுவர் விழுந்தால் அதன்மேல் கட்டியிருக்கிற இடப்பக்கப் படிக்கட்டும் நிற்காது. மண்ணை மாற்றிவிட்டு எப்போதாவது மறுபடி ஆடலாம் என்று நினைத்தால் இந்தப் படிக்கட்டு வேண்டும், அதை யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நகர அலுவலகத்திலும் அந்த நினைப்பு இருந்தது, ஐந்து வருடம் கழித்துச் சின்ன அளவிலாவது திறக்கலாம் என்று.

லாடி வேலிப் பக்கம் திரும்பினான். என்னைப் பார்க்கிறான் என்று நினைத்தேன். என்னைத் தாண்டி, சந்தில் ஆல்வினா வீட்டுக் கிணற்று மூடியைப் பார்த்தான். அவளும் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கீழே இருக்கு," என்றான். "இடிங்க."

இரண்டு அடி இறங்கியதும் சரளைக்கல் கறுப்பாக வந்தது. இருபத்தெட்டு வருடத்துப் பெட்ரோல் நாற்றம் வேலிவரை அடித்தது, நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மீட்டர் விடாமல் சத்தம் போட்டது. ஆய்வாளர் லாடியின் தோளில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். மூன்று மணிக்குச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது, படிக்கட்டும் அதோடு போயிற்று. தூசி அடங்கும்வரை லாடி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஆல்வினா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுபடி திறக்கும் பேச்சு அதோடு நின்றது. லாரிகள் ஒன்பது நாள் மண்ணை ஏற்றிக்கொண்டு போயின. இப்போது அங்கே கம்பி வேலியும், தண்ணீர் பரிசோதிக்க நட்ட ஆறு இரும்புக் குழாய்களும், இடுப்பளவு களையும்தான்.

சுவர் போன பிறகு என் சமையலறை ஜன்னலிலிருந்து மைதானம் முழுக்கத் தெரிகிறது. லாடி இறக்கும்வரை ஞாயிறு தவறாமல் சாப்பிட வந்தான். முன்பெல்லாம் ஜன்னல் பக்கம் முகம் வைத்து உட்காருவான். பிறகு நாற்காலியை இழுத்து மேஜையின் மறுபக்கம் போட்டுக்கொண்டான். நான் எதுவும் கேட்கவில்லை.